பான் ஜோக் அருவிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

வியட்நாம் போகிற நம்மவர்கள் ஹனோயில் இறங்கி, ஹா லாங் வளைகுடாவில் ஒரு படகுப் பயணம் முடித்து, தா நாங், ஹோ சி மின் நகரம் என்று தெற்கே இறங்கிவிடுகிறார்கள். வடக்கு மூலையில், சீன எல்லைமேலேயே விழுகிற பான் ஜோக் அருவி பலருடைய பட்டியலில் முதலில் இருக்கும். தூரத்தைப் பார்த்ததும் அதை அடித்துவிடுவார்கள். தூரம் உண்மைதான். ஹனோயிலிருந்து காவ் பாங் நகரம் வரை சுமார் 280 கிலோமீட்டர், அங்கிருந்து அருவிக்கு இன்னும் 90 கிலோமீட்டர் அளவில். பாதிக்கு மேல் மலைப்பாதை.

அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹனோயிலிருந்து ஹனோய்க்கு மூன்று பகல், இரண்டு இரவு ஒதுக்க முடிந்தால் போங்கள். முடியாதென்றால் இந்தமுறை விட்டுவிடுங்கள். நள்ளிரவில் கிளம்பி, அருவியில் ஒன்றரை மணி நேரம் நின்று, மறுநாள் நள்ளிரவில் திரும்பும் அவசரப் பயணங்களையும் விற்கிறார்கள். அதில் போனவருக்கு வண்டியின் ஜன்னல்தான் நினைவிருக்கும்.

சீனாவின் குவாங்ஷி பகுதியிலிருந்து வரும் குவே சோன் ஆறு வியட்நாமுக்குள் நுழைந்து, வயல்களுக்கு நடுவே ஓடி, இந்த இடத்தில் சுண்ணாம்புப் பாறைகளின் மேலிருந்து படிப்படியாக விழுகிறது. விழுந்தபின் ஆறே எல்லையாகிவிடுகிறது. பெரிய அருவி மூன்று அடுக்காக எல்லைமேல் விழுகிறது, இரண்டு நாட்டுக்கும் பொது. அதன் பக்கத்தில் மெல்லிய தாரைகளாக இறங்கும் சின்ன அருவி முழுக்க வியட்நாம் பக்கம். சீனர்கள் தங்கள் பக்கத்து அருவியை தெத்தியன் என்கிறார்கள். நாட்டு எல்லையில் விழும் அருவிகளில் இக்வாசு, விக்டோரியா, நயாகரா மூன்றுக்கும் அடுத்த இடத்தில் இதை வைப்பது வழக்கம். அந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். உயரத்திலும் இரைச்சலிலும் இது அவற்றின் பக்கத்தில் வராது. நெல் வயல், கூம்பு மலைகள், எருமை, நடுவில் அகலமாக ஓர் அருவி என்று எல்லாம் ஒரே பார்வைக்குள் அடங்குவதுதான் இதன் அழகு.

எந்த மாதம்

செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் முடிய. வேறு மாதம் சொல்லச் சொன்னால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன். மே முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். ஜூலை, ஆகஸ்ட்டில் தண்ணீர் கொட்டும், ஆனால் பலத்த மழைக்கு மறுநாள் அது செம்மண் நிறத்தில் வரும், வெள்ளம் கூடினால் அருவியடிக்கு ஆளேற்றிப் போகும் தெப்பத்தை விடமாட்டார்கள். மழை ஓயும் சமயத்தில் நீர் குறையாமல் இருக்கும், நிறம் மட்டும் பச்சைக்குத் திரும்பும். அருவியைச் சுற்றியுள்ள ட்ருங் கான் பக்கத்து நெல்லும் அப்போதுதான் முற்றிப் பொன்னிறமாக நிற்கும்.

செப்டம்பரில் புயல் பயமும் உண்டு. 2024 செப்டம்பரில் யாகி புயலின்போது காவ் பாங் மாகாணத்தில் பெரும் நிலச்சரிவுகள் ஏற்பட்டன, உயிர்ச்சேதமும் நடந்தது. வானிலை எச்சரிக்கை இருந்தால் மலைப்பாதையில் ஏறாமல் ஹனோயிலேயே இருந்துவிடுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனிமூட்டமும் நல்ல குளிரும். அதற்குப் பின் மழை தொடங்கும்வரை தண்ணீர் மெலிந்து தெரியும்.

தேதியிலும் ஒரு கண் வையுங்கள். செப்டம்பர் 2 வியட்நாமின் தேசிய நாள், அதையொட்டி உள்ளூர்க் கூட்டம் பெருகும். அக்டோபர் முதல் வாரம் சீனாவில் நீண்ட விடுமுறை. அப்போது எதிர்க்கரை திருவிழாக் கூட்டமாக இருக்கும். டெட் எனப்படும் சந்திரப் புத்தாண்டு நாட்களில் கடைகளும் பேருந்துகளும் பாதி இயங்காது.

விசா

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் இணையத்திலேயே இ-விசா எடுத்துக்கொள்ளலாம். 2023 ஆகஸ்ட்டிலிருந்து அது 90 நாள் வரை கிடைக்கிறது. ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், பலமுறை நுழைவுக்கு 50 டாலர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. அரசுத் தளத்தைப் போலவே தோற்றமுள்ள தனியார் தளங்கள் நிறைய உண்டு, அவை இரண்டு மூன்று மடங்கு வாங்கும். முகவரியின் முடிவில் வியட்நாம் அரசுக்குரிய எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மூன்று வேலை நாள் என்று சொல்வார்கள். நீங்கள் இரண்டு வாரமாவது முன்னால் போட்டுவிடுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல் வருவது பெயரில்தான். இனிஷியல் உள்ள பெயர், அப்பா பெயர் குடும்பப் பெயரான இடம், குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும் பாஸ்போர்ட் என்று நம்மிடம் எல்லா வகையும் உண்டு. பாஸ்போர்ட்டின் படமுள்ள பக்கத்தில் கீழே இரண்டு வரி ஆங்கில எழுத்துகள் ஓடும். பெயர் அதில் எந்த வரிசையில் இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். விசா வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி மூன்றையும் எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். ஓரெழுத்துப் பிழைக்கும் விமானத்தில் ஏற்றாமல் நிறுத்தக்கூடும். நுழையும் இடமாக ஹனோயின் நொய் பாய் விமான நிலையத்தைக் குறிப்பிடுங்கள். சென்னையிலிருந்து கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் வழியாக அங்கே போகலாம்.

ஹனோயிலிருந்து காவ் பாங்

ரயில் இல்லை, விமானம் இல்லை. பேருந்து அல்லது கார். ஹனோயின் மி டின் பேருந்து நிலையத்திலிருந்து படுக்கைப் பேருந்துகள் போகின்றன. ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். ஒன்பது இருக்கை வேன்களும் உண்டு, கொஞ்சம் கூடுதல் கட்டணம், கொஞ்சம் கூடுதல் வேகம். ஹனோய் பழைய நகரப் பகுதியில் தங்கியிருந்தால் விடுதிக்காரரே பதிவு செய்து தருவார்.

படுக்கைப் பேருந்தில் ஏறும்போதே செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் பை கொடுப்பார்கள். செருப்பை அதில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு அடுக்கில் மூன்று வரிசைப் படுக்கை, கால் நுழைக்க ஒரு பெட்டி. ஆறடி ஆள் என்றால் முழங்கால் மடக்கியேதான் தூங்க வேண்டும். கீழ்ப் படுக்கையாகக் கேளுங்கள். வளைவுகளில் மேல் படுக்கை வயிற்றைக் கலக்கும். வாந்தி வருபவர்கள் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், மலை தொடங்கியபின் போட்டுப் பயனில்லை.

இரவுப் பேருந்தா, பகல் பேருந்தா என்று கேட்டால் பகல்தான். இரவுப் பேருந்து ஒரு விடுதிச் செலவை மிச்சப்படுத்தும் என்பது சரி. ஆனால் இருட்டு விலகுவதற்குள் காவ் பாங்கில் இறக்கிவிட்டுப் போய்விடும். கடைகள் அடைத்திருக்க, பையை அணைத்தபடி நிற்க வேண்டியதுதான். காலையில் கிளம்பினால் பிற்பகலில் சேர்ந்துவிடலாம்.

காவ் பாங்கில் பழைய தெருக்கள், பழைய கட்டடங்கள் என்று தேடாதீர்கள். 1979 பிப்ரவரியில் சீனப் படை எல்லை தாண்டி வந்த போரில் நகரம் பெரும்பாலும் அழிந்துபோய், பிறகு திரும்பக் கட்டப்பட்டது. ஓர் இரவு தங்க, சாப்பிட, பணம் எடுக்க நல்ல இடம். ஏடிஎம்மில் பணம் எடுப்பதை இங்கேயே முடித்துவிடுங்கள். அருவிப் பக்கம் கார்டை நம்ப முடியாது. வியட்நாம் பணமான டாங் நோட்டுகளில் இருபதாயிரமும் ஐந்து லட்சமும் இரண்டுமே நீலச் சாயல். மாலை வெளிச்சத்தில் ஒன்றுக்கு இன்னொன்றைக் கொடுத்துவிடுவது எல்லோருக்கும் நடக்கும். ஐந்து லட்சம் நோட்டைப் பர்ஸின் வேறு அறையில் வைத்துவிட்டால் தொல்லையில்லை.

காவ் பாங்கிலிருந்து அருவி வரை

மூன்று வழிகள். உள்ளூர்ப் பேருந்து மலிவு. வழியெல்லாம் நின்று, மூட்டை, கோழிக்கூடை எல்லாம் ஏற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் போல எடுக்கும். கடைசிப் பேருந்து எப்போது என்பதை ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுவிட வேண்டும். பிற்பகலுக்குமேல் வண்டி கிடைப்பது கஷ்டம்.

ஓட்டுநரோடு கார் பேசிக்கொள்வது இரண்டாவது வழி. மூன்று நான்கு பேர் இருந்தால் எனக்கு இதுதான் சரியென்று படுகிறது. பெரியவர்களோ குழந்தைகளோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம். விலையை முந்தின இரவே பேசி, எந்தெந்த இடத்தில் நிற்பது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதையும் மொழிபெயர்ப்புச் செயலியில் தட்டிக் காட்டிவிடுங்கள். ஆங்கிலம் இங்கே அநேகமாகச் செல்லாது.

மூன்றாவது மோட்டார் பைக். வெளிநாட்டு இளைஞர்கள் எல்லாம் இப்படித்தான் சுற்றுகிறார்கள், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அங்கே வண்டி ஓடுவது சாலையின் வலப்பக்கம். லாரிகள் வளைவில் நடுக்கோட்டைத் தாண்டி வரும். உங்கள் லைசென்ஸ் அங்கே செல்லாது என்று ஆகிவிட்டால் விபத்தின்போது பயணக் காப்பீடும் கைவிரித்துவிடும். பைக்கில்தான் போவேன் என்பவர்கள் பின்னால் உட்கார்ந்து போகும்படி உள்ளூர் ஓட்டுநர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளலாம். வேடிக்கையும் பார்க்கலாம்.

வழியில் மா ஃபுக் கணவாய் வரும். அதைத் தாண்டி ஃபுக் சென்னில் கட்டாயம் நிறுத்துங்கள். நுங் இன மக்களின் கொல்லர் ஊர் அது. லாரிகளின் பழைய பட்டைச் சுருளை வெட்டி, காய்ச்சி, அடித்துக் கத்தியும் அரிவாளும் செய்கிறார்கள். சாலையோரப் பட்டறையில் ஒருவர் இடுக்கியால் பிடித்திருக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடிக்க, சிவந்த பட்டை நாலைந்து அடியில் அரிவாள் வளைவுக்கு வந்துவிடும். சமையலறைக் கத்தி ஒன்று வாங்கினால் ஆயுளுக்கும் வரும். கைப்பையில் வைத்து விமானத்தில் ஏறாதீர்கள், செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

எங்கே தங்குவது

அருவிக்கு இரண்டு கிலோமீட்டர் போல உள்ள குவோய் கீ கிராமத்தில். தாய் இன மக்களின் (தாய்லாந்துத் தாய் அல்ல, வேறு இனம்) கல்லால் கட்டிய தூண்வீடுகள் இங்கே பதினான்கு இருக்கின்றன. பலவற்றில் ஹோம்ஸ்டே. மரத் தரையில் மெத்தை, மேலே கொசுவலை, பக்கத்துப் படுக்கைக்கு நடுவில் ஒரு திரைச்சீலை, இவ்வளவுதான். பலகை இடுக்கு வழியே சத்தம் எல்லாம் கேட்கும். தனி அறை வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேளுங்கள், சில வீடுகளில் உண்டு. போனதும் பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிவு செய்வார்கள். எல்லைப் பகுதி என்பதால் அசல் பாஸ்போர்ட்டையும் விசா அச்சுப்படியையும் கையிலேயே வைத்திருங்கள்.

சாப்பாடு அசைவம் உண்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. காவ் பாங்கின் பான் குவோன் நல்ல காலை உணவு. அரிசி மாவை ஆவியில் மெல்லிய தாளாக எடுத்து, பன்றிக்கறிக் கொத்து வைத்துச் சுருட்டி, சூடான எலும்புச் சாறில் தோய்த்துச் சாப்பிடுவது. வாத்து வறுவலும் இந்தப் பக்கம் பேர்போனது. அக்டோபரில் ட்ருங் கான் செஸ்ட்நட் கொட்டைகளைச் சாலையோரத்தில் சுடச்சுட விற்பார்கள்.

சைவக்காரர்கள் முன்னேற்பாடோடு போக வேண்டும். ‘ஆன் சாய்’ என்றால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். இருந்தாலும் கீரை வதக்கலில் மீன் சாறு ஒரு கரண்டி விழுந்துவிடும், அவர்களுக்கு அது உப்புக் கணக்கு. மீன் சாறு வேண்டாம் என்பதைத் தனியாக எழுதிக் காட்டுங்கள். சோறு, பூண்டு போட்டு வதக்கிய கீரை, டோஃபு, வேர்க்கடலைப் பொடி கிடைக்கும். பையில் பருப்புப்பொடியும் ஊறுகாயும் இருந்தால் இரண்டு நாள் கவலை இல்லை.

அருவியில்

பிற்பகலில் வந்து சேர்ந்தால் அன்றே ஓடாதீர்கள். அன்றைக்கு ஙுவொம் ஙாவ் குகையைப் பாருங்கள், கிராமத்துக்குப் பக்கத்தில்தான். சுண்ணாம்புக் குகை, மொத்தம் 2,144 மீட்டர் நீளம் அளந்திருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடக்க விடுகிறார்கள். தரை ஈரம், படிகள் உண்டு, பிடிப்புள்ள செருப்பு அவசியம்.

மறுநாள் காலை நுழைவாயில் திறந்ததும் அருவிக்குப் போய்விடுங்கள். காவ் பாங்கிலிருந்தும் ஹனோயிலிருந்தும் வரும் குழுக்கள் முற்பகலில்தான் வந்து சேரும். அதற்கு முன்னால் உள்ள நேரம்தான் அங்கே இரவு தங்கியதற்குக் கிடைக்கும் கூலி. நுழைவுச் சீட்டு வேறு, தெப்பச் சீட்டு வேறு. தலைக்கு ஒவ்வொன்றும் ஒரு லட்சம் டாங்குக்குள் அடங்கும், கிட்டத்தட்ட நான்கு டாலர். வாயிலிலிருந்து வயல் ஓரமாகச் சமதரைதான், வயதானவர்களும் மெதுவாக நடந்துவிடலாம்.

இது குற்றாலம் இல்லை. தலையைக் கொடுத்து நிற்க முடியாது. கீழே ஆழமான மடு, குளிக்க அனுமதி இல்லை. நனைய வேண்டுமென்றால் தெப்பம்தான். உயிர்காப்பு உடுப்பு மாட்டிவிட்டு, அருவியின் அடிவரை கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். சாரல் முகத்தில் ஊசி போல அடிக்கும், மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. போனை ஒரு ஜிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எதிர்க்கரையிலிருந்தும் அதே மாதிரித் தெப்பங்கள் வரும். ஆற்றின் நடுவில் இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் கடக்கும்போது அந்தப் பக்கத்தார் கையசைப்பார்கள், இந்தப் பக்கத்தாரும் அசைப்பார்கள். தண்ணீரில் கோடு ஒன்றும் தெரியாது, ஓட்டுகிறவருக்கு மட்டும் தெரியும்.

பிறகு மேலே ஏறிப் பாருங்கள். 2014-இல் கட்டி முடித்த புத்தர் கோவில் ஒன்று பக்கத்துக் குன்றில் இருக்கிறது. படியேற வேண்டும். அருவி, ஆறு, வயல், எதிர்க்கரையின் ஹோட்டல்கள் எல்லாம் அங்கிருந்து ஒரே படமாகத் தெரியும். முழங்கால், தோள் மூடிய உடை வேண்டும்.

எல்லை விஷயத்தில் கவனம்

வியட்நாமும் சீனாவும் நில எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1999 டிசம்பரில். தரையில் கல் நட்டு முடித்தது 2008-இல். அருவிக்குப் பக்கத்தில் 836 என்று எண் பொறித்த எல்லைக்கல் இருக்கிறது. அதன் முன் நின்று படம் எடுப்பதில் தடை இல்லை, தாண்டி நடப்பதுதான் குற்றம். ‘நாலடிதானே’ என்று விளையாட்டுக்குக்கூட வேண்டாம். டிரோன் கொண்டு போகாதீர்கள். வியட்நாமில் அதற்கு ராணுவ அனுமதி வேண்டும், எல்லையில் கேட்கவே வேண்டாம். காவலர்களையும் காவல் சாவடியையும் படம் எடுக்காதீர்கள்.

இரு நாடுகளும் சேர்ந்து இங்கே ஒரு கூட்டுச் சுற்றுலாப் பகுதியை 2023 செப்டம்பரில் சோதனை முறையிலும், 2024 அக்டோபரில் முறைப்படியும் திறந்தன. முன்பதிவு செய்த குழுக்கள் சோதனைச் சாவடி வழியாக அந்தப் பக்கம் போய் வருகின்றன. இதைக் கேள்விப்பட்டு இந்தியப் பாஸ்போர்ட்டோடு ‘சீனாவையும் எட்டிப் பார்த்துவிடலாம்’ என்று திட்டம் போடாதீர்கள். அது இரு நாட்டுக் குடிமக்களை மனதில் வைத்து வந்த ஏற்பாடு. ஒருமுறை நுழைவு விசாவில் வியட்நாமை விட்டு வெளியேறினால் அந்த விசா அதோடு முடிந்தது என்பதும் நினைவிருக்கட்டும்.

அப்புறம் போன். ஆற்றங்கரையில் சீனக் கோபுரங்களின் சிக்னல் வலுவாக அடிக்கும். உங்கள் போன் தானாக அதைப் பிடித்துக்கொள்ளும். உடனே இரண்டு வேலை நடக்கும்: ரோமிங் கட்டணம் ஏறும், கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தாவும், ஏனென்றால் சீன நேரம் வியட்நாமைவிட ஒரு மணி முன்னால். போனைப் பார்த்துப் பதறி ஓடி வந்து, பேருந்துக்காக ஒரு மணி நேரம் வெயிலில் காத்திருப்பவர்களை அங்கே பார்க்கலாம். அருவிக்குக் கிளம்பும் முன்பே தானியங்கி நேரத்தையும் ரோமிங்கையும் அணைத்து, நெட்வொர்க்கை உங்கள் வியட்நாம் நிறுவனத்துக்கே பூட்டிவிடுங்கள். மலைப்பகுதியில் வியட்டெல் சிம் மற்றவற்றைவிட நன்றாக எடுக்கும்.

திரும்பும்போது

பத்து மணிக்குள் அருவியை முடித்தால் மதியத்துக்கு மேல் காவ் பாங், அங்கிருந்து பேருந்து பிடித்து இரவு ஒன்பது பத்துக்குள் ஹனோய். திரும்பும் இருக்கையைப் போகும்போதே பதிவு செய்துவிடுங்கள், ஞாயிறு பிற்பகலில் இடம் கிடைக்காது. அதே இரவில் விமானம் மட்டும் போடாதீர்கள். மலைச்சாலையில் ஒரு மண்சரிவோ லாரி பழுதோ போதும், மூன்று மணி நேரம் போய்விடும்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் ஃபாங் நாம் பள்ளத்தாக்குக்குப் போகலாம். அறுவடைக்கு முன் அங்கே வயலும் ஆறும் நன்றாக இருக்கும். வரலாறு பிடித்தவர்கள் காவ் பாங்கிலிருந்து வடக்கே, எல்லை ஓரத்தில் உள்ள பாக் போ குகைக்குப் போவார்கள். முப்பது ஆண்டு வெளிநாட்டு வாழ்க்கைக்குப் பின் 1941-இல் ஹோ சி மின் நாடு திரும்பித் தங்கிய இடம் அது. முன்னால் ஓடும் ஓடைக்கு லெனின் பெயரையும் மலைக்குக் கார்ல் மார்க்ஸ் பெயரையும் வைத்தவர் அவரே. இது அருவிக்கு எதிர்த்திசை என்பதால் இரண்டையும் ஒரே நாளில் சேர்க்க வேண்டாம். காவ் பாங்கில் மூன்றாவது இரவு தங்கிவிட்டுக் காலையில் போய்வாருங்கள்.